தீப்பெட்டி ஊரில் ஒரு கடைகோல்

செப்டம்பர் 9, திங்கள்

சிகரெட் பிடிக்கத் தோன்றும்போதெல்லாம் இதில் எழுத வேண்டுமாம். நெஞ்சு ஆஸ்பத்திரியில் எங்களைப் போன்ற புகையாளிகளைத் திருத்துகிற பிலோமினா சிஸ்டர், டைரியைக் கையில் திணித்து அப்படித்தான் சொன்னார். தோன்றும்போதெல்லாம் எழுதினால் நான் சாப்பிட முடியாது, பல் தேய்க்க முடியாது, ஆபீசுக்குப் போக முடியாது. ஆகவே மொத்தமாக எழுதுகிறேன். இன்று தோன்றியது ஒரே ஒரு தடவை. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சௌந்தரபாண்டியன், வயது ஐம்பத்து மூன்று, ஊர் கோவில்பட்டி. நாட்டில் பாதி அடுப்பு எரிவது எங்கள் ஊர்த் தீப்பெட்டியால்தான் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். மீதிப் பாதியைச் சிவகாசிக்காரன் சொல்லிக்கொள்வான். தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே தீப்பெட்டி ஆபீஸ் என்பது வழக்கம். கேட்க கௌரவமாக இருக்கும், பெண் கொடுப்பார்கள். அப்படி ஓர் ஆபீசில் இருபத்தாறு வருஷமாக நான் குச்சி மேனேஜர். லாரியில் வருகிற குச்சி மூட்டையைப் பிரித்து, வளைத்து, ஒடித்து, முகர்ந்து பார்த்து, "எடு", "திருப்பி அனுப்பு" என்று சொல்கிற உத்தியோகம்.

இப்பேர்ப்பட்டவனுக்கு நெருப்புக்குத் தடை வந்திருக்கிறது.

டாக்டர் போன வாரம் என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இப்ப விட்டா இருக்கிறதை வச்சு ஓட்டிரலாம். இல்லேன்னா ரெண்டு வருஷத்துல ஆக்சிஜன் சிலிண்டரோடதான் நடமாட்டம்" என்றார். நான் வழக்கம்போல வடிவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனேன். வடிவு என் மனைவி. சண்முகவடிவு, நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். கழுகுமலை முருகன்மேல், பெங்களூரில் இருக்கும் மகள்மேல், இந்தத் தலைமேல் என்று இதுவரை பதின்மூன்று சத்தியம். கணக்கு டீச்சர், எண்ணி வைத்திருக்கிறாள். நேற்று சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இனி சத்தியம் வேண்டாம். சிகரெட் பிடிங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா பத்தவைக்கிற நெருப்பு நீங்களே மரத்தோட மரத்தை உரசி உண்டாக்கினதா இருக்கணும். தீப்பெட்டி, லைட்டர், கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, அடுத்தவன் சிகரெட்டு நுனி, ஒண்ணும் கூடாது. தீ வந்த அன்னைக்குக் கேளுங்க, நானே சிகரெட் எடுத்துத் தாரேன்."

"ஆதி மனுஷன் மாதிரியா?"

"அவன் சிகரெட் பிடிக்கல. நல்லா இருந்தான்."

"மீறினா?"

"சண்டை போட மாட்டேன். தூத்துக்குடில எங்கக்கா வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. அங்க போயிருவேன். ரசம் ஊத்தவா?"

புளி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொன்னாள். கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

டைரி டிவி மேலேயே இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆக, இதை அவள் படிப்பாள். வணக்கம், வடிவு.

செப்டம்பர் 12, வியாழன்

சாமான் தயார். மொத்தம் நாலுதான். தரையில் ஒரு அடிப்பலகை. அதன்மேல் நெட்டுக்குத்தாக ஒரு கடைகோல். கோலின் தலையை அமுக்கிப் பிடிக்க ஒரு கொட்டாங்கச்சி. கயிறு கட்டிய ஒரு வில். கயிற்றைக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் கோல் சுழலும். பலகையில் குழி விழும், கரித்தூள் சேரும், தூளுக்குள் கங்கு பிறக்கும். செல்போனில் ஒருத்தன் செய்து காட்டினான். நாற்பது விநாடி. அவன் வைத்திருந்த தாடிக்கு நாற்பது விநாடியே அதிகம்.

எந்த மரம் என்பதுதான் கேள்வியாம். என்னிடமா? எரிவதற்கென்றே பிறந்த மரம் எங்கள் கோடவுன் நிறைய இருக்கிறது. தீக்குச்சி அணையாமல் நின்று எரிய, அதை மெழுகில் தோய்ப்போம். ஒரு பலகையையும் ஒரு கோலையும் தனியாக மெழுகில் ஊறவைத்து, தங்கம் கொண்டுபோவதுபோல வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஒன்றரை மணி நேரம் இழுத்தேன். கோல் சுழன்றது, சுழன்றது, அவ்வளவு சுகமாகச் சுழன்றது. சூடுகூட ஏறவில்லை.

"உரசினாத்தானங்க நெருப்பு வரும்? மெழுகைத் தடவிட்டு எப்படி உரசும்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. கணக்கு டீச்சர் கணக்கோடு நிற்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இருபத்தாறு வருஷமாக நான் பார்த்தது நெருப்பைச் சுமக்கிற மரம். நெருப்பைப் பெற்றுப்போடுகிற மரம் வேறு போலிருக்கிறது. பிள்ளை பெறுவது வலுவான உடம்புக்காரி வேலை என்று முடிவுகட்டி, கறிக்கடையில் கெஞ்சிப் பழைய புளியங்கட்டையில் ஒரு துண்டு வாங்கினேன். கடைகோலுக்கு வைரம் பாய்ந்த கருவேலம்.

இழுத்தால் 'கிறீச்'. அடுத்த வீட்டு அற்புதமணி அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏ தம்பி, பெருச்சாளி ஏதும் பொறியில மாட்டிக்கிட்டா?" என்றாள். "இல்லக்கா, நான்தான் மாட்டியிருக்கேன்" என்றேன்.

முடிவில் பலகைக் குழி கண்ணாடியாக மின்னியது. முகம் பார்த்தேன். ஒரு வாரம் சிகரெட் பிடிக்காத முகம். சகிக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

கனிராஜ் எங்கள் ஆபீசில் மருந்து மேஸ்திரி. குச்சி முனைக்கு மருந்து கலக்குகிறவன். முப்பது வருஷ சிநேகிதம். என் நுரையீரலில் பாதி அவன் பங்கு. ஊருக்கே தெரியாத ஒரு ரகசியம் அவனிடம் உண்டு. இடுப்பு பெல்ட்டுக்குள் ஒரு சீன லைட்டர் வைத்திருக்கிறான். தீப்பெட்டி ஆபீஸ்காரன் இடுப்பில் லைட்டர் என்பது, மதுவிலக்குக் கூட்டத்தில் தலைவர் வாயிலிருந்து வாடை வருகிற மாதிரி. (வடிவு, இதை அவன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதே. சொன்னாலும் நான் சொன்னதாகச் சொல்லாதே.)

டீக்கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோனான்.

"மாப்ள, ஒரே இழுப்பு. இங்க யாரு பாக்கப் போறா? தங்கச்சிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"பெறகென்ன?"

"எனக்குத் தெரியும்லா."

அவன் வாயைப் பிளந்தான். நானும்தான். நான் இவ்வளவு யோக்கியன் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை.

சரி, நடந்ததை முழுதாக எழுதிவிடுகிறேன். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னாலேயே லைட்டரைக் கையில் வாங்கிவிட்டேன். சிகரெட்டும் உதட்டில் இருந்தது. கட்டைவிரல் சக்கரத்தின்மேல் இருந்தது. அப்போது ரோட்டில் ஒரு பஸ் போயிற்று. போர்டில் தூத்துக்குடி. யோக்கியம் வந்தது அதற்கப்புறம்தான்.

செப்டம்பர் 30, திங்கள்

மரக்கடை யூசுப் பாயிடம் போனேன்.

"பாய், நல்ல உறுதியான மரமா ஒரு துண்டு வேணும்."

"கதவுக்கா, நிலைக்கா?"

"சிகரெட்டுக்கு."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, நீங்க வீடு கட்டுற மரமாப் பாத்துக்கிட்டு இருக்கீய. இதுக்கு வீட்டுக்கே ஆகாத மரம் வேணும். கட்டைவிரல் நகத்தால அமுக்கிப் பாருங்க, பள்ளம் விழணும். ஒடிச்சா 'டிக்'குன்னு ஒடியணும், வளையக் கூடாது. பாலு, பிசினு, எண்ணெ, எதுவும் இருக்கக் கூடாது. மெத்துன்னு இருக்கணும், எலும்பாக் காஞ்சிருக்கணும். அம்புட்டுத்தான்."

"நீங்க கடைஞ்சிருக்கீயளா?"

"நானா? என் கடையில தீப்பிடிச்சிரக் கூடாதேன்னு நாப்பது வருசமாக் காவக் காக்கேன். எதுல சட்டுன்னு பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அதிலிருந்து மரம் என்று எதைக் கண்டாலும் நகத்தை இறக்குகிறேன். முதலாளி மேஜை, பஸ் ஸ்டாண்டு வேப்பமரம், சாமி சப்பரம். ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமன் உட்கார்ந்திருந்த முக்காலி. அவர் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

எழுதவே கை வரவில்லை.

பத்து நாள் பாடுபட்டு மரம் சேர்த்திருந்தேன். அடிப்பலகைக்கு இலவம். கடைகோலுக்குப் பருத்திமார், எங்கள் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தபின் காய்ந்து நிற்கிற செடித்தண்டு. இரண்டிலும் நகம் தைரியமாக இறங்கியது. ஆபீசில் குச்சி காய்கிற சூட்டறையில் வைத்துக் காயவிட்டு, நேற்று எடுத்து வில்லோடு என் மேஜைமேல் வைத்தேன்.

இன்று காலை பூஜைக்குப் போனால், மெஷின், தராசு, ஸ்டாப்ளர் வரிசையில் என் வில்லும் பலகையும் கோலும். பொட்டு, பூ, பட்டை பட்டையாகத் திருநீறு, குழைத்த சந்தனம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு வடிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சியோட ஆயுதம்லா! ஒரே அழுக்காக் கிடந்துச்சு. வாளியில ஊறப்போட்டு, தேங்காநாரு போட்டு நல்லாத் தேச்சு எடுத்தேன்" என்றாள் பேக்கிங் கோமதி. முகமெல்லாம் சிரிப்பு. அவள் குழந்தையைக் குளிப்பாட்டியிருந்தால்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டாள்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு பொரிகடலை வாங்கித் தின்றேன். வீட்டில் சொன்னபோது வடிவு சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதால் கோமதியை மன்னித்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

புகை வந்தது!

மறுபடி காயவைத்த இலவமும் பருத்திமாரும். கொல்லைப்புறத்தில் ஐம்பது இழுப்புக்குள் குழியிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. முகத்தைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்து இழுத்தேன். நாற்பத்திரண்டு நாளுக்குப் பிறகு ஒரு புகை. இலவமரப் புகையானால் என்ன? (நிபந்தனையில் இதற்குத் தடை இல்லை.)

பிறகு புத்தி வந்து வேகமாக இழுத்தேன். பலகைக் குழியின் ஓரத்தில் போட்டிருந்த வெட்டில் கரித்தூள் குவிந்தது. அதற்குள் கடுகளவு சிவப்பு. கங்கு! அதை, தென்னம்பாளையோடு வருகிற பன்னாடையைக் கசக்கிய பஞ்சில் பொதிந்து, தொட்டில் குழந்தைபோல ஏந்தி, மெதுவாக நீளமாக ஊத வேண்டும்.

ஊதினேன். இருமல் வந்தது. கங்கு, தூள், பஞ்சு எல்லாம் நாலு திசைக்கும் பறந்தது. இருமல் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன், பிறகு சாய்ந்தேன். அற்புதமணி அக்கா சுவருக்கு மேலே வந்து எதுவும் சொல்லாமல் இறங்கிவிட்டாள். அவள் எதுவும் சொல்லாமல் இறங்கியது இதுதான் முதல் தடவை.

வடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வரவில்லை. அப்புறம் உள்ளே போய்விட்டாள். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது. கழுவுவதற்குப் பாத்திரம் ஒன்றும் கிடையாது, காலையிலேயே எல்லாம் கவிழ்த்தாயிற்று.

அக்டோபர் 21, திங்கள்

சிகரெட்டுக்கான நெருப்பை ஊதி எடுக்க, சிகரெட் பிடிக்காத நெஞ்சு வேண்டும். அப்படி ஒரு நெஞ்சு கிடைத்துவிட்டால் அந்த நெருப்பு எதற்கு? கணக்கு டீச்சர் இதை முன்னாலேயே போட்டுப் பார்த்துவிட்டாளா?

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

ஊரே எரிகிறது. மூன்று வயதுக் குழந்தை கையிலெல்லாம் நெருப்பு. எனக்கு மட்டும் அனுமதியில்லை.

மகள் யாழினி பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். இருபது நிமிஷம் அவள் ஆபீஸ் வம்பு கேட்டேன், என் ஆபீஸ் வம்பு சொன்னேன். கடைசியில், "என்னப்பா, நடுவுல மூச்சுக்கு நிறுத்தாமப் பேசுறீங்க?" என்றாள். "நான் எப்ப நிறுத்திப் பேசினேன்?" என்றேன். வடிவு பக்கத்தில் அதிரசத்தை ரொம்பக் கவனமாகப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 9, சனி

பிலோமினா சிஸ்டரிடம் மாதாந்தர ஆஜர். டைரியைப் புரட்டினார். "நீங்க எழுதச் சொன்னதைத் தவிர மத்த எல்லாம் எழுதியிருக்கீங்க சார்" என்றார். பிறகு பிளாஸ்டிக்கில் ஒரு சாமான் கொடுத்தார். மூன்று குழாய், மூன்று பந்து. வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து ஏற வேண்டும். எனக்கு முதல் பந்து ஏறியது, இரண்டாவது யோசித்தது, மூன்றாவதற்கு நான் வந்திருப்பதே தெரியவில்லை.

சிஸ்டர் சும்மா இல்லாமல் வடிவைப் பார்த்து, "நீங்க ஏன் டீச்சர் இவ்வளவு கடுமையா ஒரு நிபந்தனை போட்டீங்க?" என்று கேட்டார். வடிவு என்னைப் பார்க்காமல் அவரிடமே சொன்னாள்.

"எங்கப்பா கடைசி நாலு மாசம் படுக்கல சிஸ்டர். படுத்தா மூச்சு முட்டும். உக்காந்தபடியேதான் தூங்குவாரு. நான் பின்னால இருந்து முதுகைத் தாங்கிக்கிட்டு இருப்பேன். ஒவ்வொரு இருமலும் என் கையில அடிக்கும். இன்னொரு முதுகைத் தாங்க எனக்குக் கையில தெம்பு இல்ல. அதான் அக்கா வீடுன்னு சொன்னேன். அது இவரைப் பயமுறுத்த இல்ல. எனக்குப் பயம்."

கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். மாமனார் 'நெஞ்சுச் சளி'யில் போனார் என்றுதான் எனக்குத் தெரியும். கேட்டதில்லை. அவர் புகைக்க மாதம் ஒரு கட்டுத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வடிவு ஊருக்குப் போகும்போது அவள் கையில்தான் கொடுத்தனுப்புவேன். மாப்பிள்ளை சீர் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

இன்று இதற்குமேல் வேடிக்கை கைவசம் இல்லை.

நவம்பர் 20, புதன்

அடைமழை. பரணில் வைத்திருந்த மரத்தைக் காணோம். தேடினால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், துணி சுற்றி, பத்திரமாக.

"பரண்ல ஓதம் அடிக்குது. இங்க சூடா இருக்கும்" என்றாள் வடிவு.

"ஏ வடிவு, நான் சிகரெட் பத்தவைக்க மரம், நீ காயவைக்கியே?"

"பேசினா பேசினதுதான். நான் அழுகுணி ஆட்டம் ஆட மாட்டேன். பந்து ஊதியாச்சா?"

"ஊதுறது இல்ல, உறிஞ்சுறது."

"ஏதோ ஒண்ணு. ஆச்சா?"

நவம்பர் 24, ஞாயிறு

மூன்றாவது பந்து ஏறியது. அதற்கே நம்பிக்கை வரவில்லை, உடனே இறங்கிவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

மழையில் இலவம் பூஞ்சை பிடித்துவிட்டது. முருங்கை, எருக்கு எல்லாம் நகத்துக்கு இடம் கொடுக்கின்றன, ஆனால் உள்ளே ஈரம். அப்போதுதான் ரயில் கற்றாழை ஞாபகம் வந்தது. தண்டவாளத்து ஓரமெல்லாம் வேலிபோல நிற்குமே, அது. ஆயுளில் ஒரே தடவை பூக்கும். இரண்டு ஆள் உயரத்துக்குப் பூத்தண்டு விட்டு, பூத்து, செத்துப்போகும். தண்டு மட்டும் நின்றபடியே காயும். நெட்டிபோலக் கனமில்லாமல் இருக்கும்.

மேம்பாலத்துப் படி ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். அரிவாளும் கையுமாக நிற்பதைப் பார்த்து ரயில்வே ஆள் ஒருவன் ஓடிவந்தான்.

"ஏ பெரியவரே, இங்க என்ன சோலி?"

பெரியவர்! "பூத்தண்டு வெட்ட வந்தேன் தம்பி."

"என்னத்துக்கு?"

"சிகரெட் பத்தவைக்க."

அவன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். எங்கள் ஆபீஸ் லேபிள். நான் எடுத்த குச்சி. "வேண்டாம் தம்பி, வீட்டுல திட்டுவா" என்று சொல்லித் தண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

வரும்போது பாலத்துப் படி நாற்பத்தெட்டு என்று எண்ணினேன். முன்பெல்லாம் எண்ணியதில்லை. பாதியில் நின்று, ரயில் பார்ப்பதுபோல நடிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றும் தீ வரவில்லை.

வடிவு, தன்கூட வேலை பார்க்கிற டீச்சர் வீட்டுப் பால்காய்ப்புக்குக் கழுகுமலை போயிருந்தாள். நான் தனியாகக் கொல்லையில் உட்கார்ந்து ரயில் கற்றாழையில் கடைந்தேன். நகம் மாவில் இறங்குவதுபோல இறங்குகிற மரம். எலும்பாகக் காய்ந்தது. யூசுப் பாய் சொன்ன எல்லா லட்சணமும் இருந்தும், தீ வரவில்லை.

பன்னாடைப் பஞ்சு முழுக்கத் தீர்ந்துவிட்டது, எப்படியோ. இடது கை நடுவிரலில் மருந்து போட்டிருக்கிறேன். சோற்றுப்பானை ஆவி பட்டுவிட்டது. மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டேன் என்பதும் உண்மைதான். ஒரு தடவைகூட இருமவில்லை. நீளமாக, ஒரே மூச்சாக ஊதினேன். ஆனாலும் வரவில்லை.

அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை என்றால், வராத தீயை. வந்திருந்தால் ஒரு சாண் உயரம் இருந்திருக்கும். மஞ்சளாக, ஓரத்தில் கொஞ்சம் நீலமாக. இருபத்தாறு வருஷத்தில் கோடிக்கணக்கான தீக்குச்சியைப் பார்த்தவன், ஒரு தீயை உட்கார்ந்து பார்த்ததில்லை. வந்திருந்தால் அது தானாக அணைகிற வரைக்கும் பார்த்திருப்பேன். சட்டைப் பையைத் தடவியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

மரம் சரியில்லை. வேறு மரம் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 9, திங்கள்

வடிவு என் லுங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுவில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் அவள் கண் தெரிந்தது.

"இது என்ன?"

"எலி."

"எலி கடிச்சா ஓரமெல்லாம் கருகுமா?"

"இந்தக் காலத்து எலி, வடிவு. எதையும் சொல்ல முடியல."

லுங்கியை நாலாக மடித்தாள். பிறகு டிவி மேலிருந்து டைரியை எடுத்து, நின்றுகொண்டே நேற்றைய பக்கத்தைப் படித்தாள். ஐம்பது பிள்ளைகளின் கணக்கு நோட்டை அரைமணி நேரத்தில் திருத்துகிறவள். அந்த ஒரு பக்கத்துக்கு என் காப்பி ஆறிப் பாலாடை படிகிற அளவு நேரம் ஆயிற்று. நான் பேப்பரில் வரிவிளம்பரம் படித்துக்கொண்டிருந்தேன்.

"தீ வரலைன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"வந்திருந்தா நான் சிகரெட் எடுத்துத் தரணும்."

"ஆமா. உனக்கு அலைச்சல்."

அவள் மூக்கை உறிஞ்சினாள், சேலைத் தலைப்பால் டிவியைத் துடைத்தாள். டிவியில் தூசி இல்லை.

"ரயில் கற்றாழையை நம்பினது தப்பு" என்றாள்.

"பெரிய தப்பு."

"மிச்சத் தண்டைத் தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலா நட்டிருதேன். வேற நல்ல மரமாப் பாக்கணும். சனிக்கிழமை எனக்கு லீவுதான். பாய் கடைக்கு நானும் வாரேன்."

டிசம்பர் 13, வெள்ளி. கார்த்திகை

வாசலில் நூறு விளக்கு. அதில் எழுபது நான் ஏற்றினேன், எங்கள் ஆபீஸ் தீப்பெட்டியால். வடிவு தடுக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எழுபதாவது விளக்கில்தான் கையில் தீக்குச்சி இருப்பதே உறைத்தது.

உள்ளே அவள் தூத்துக்குடிக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா, மாடியை வாடகைக்கே விட்டுரு. நல்ல ஆளா வந்தா விட்டுரு."

டிசம்பர் 14, சனி

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் யூசுப் பாய் கடைக்குப் போனோம்.

"வாங்க டீச்சர். என்ன அண்ணாச்சி, தீ வந்துச்சா?"

நான் வடிவைப் பார்த்தேன்.

"இன்னும் வரல பாய்" என்றாள் அவள். பொய் சொன்னால் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும் என்று இன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். இதுவரை கண்டுபிடிக்கச் சந்தர்ப்பம் அமையவில்லை.

பாய் உற்சாகமாகிவிட்டார். உள்ளே போய் இலவம் கொண்டுவந்தார், உலர்ந்த முருங்கைத் துண்டு கொண்டுவந்தார். "அடுப்பு மேலயே வச்சுக் காயப்போட்டது. நாளைக்கே தீ நிச்சயம்" என்றார். வடிவு ஒவ்வொன்றாக வாங்கி, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தாள். கல்யாணப் புடவைகூட அவள் இத்தனை கழித்து எடுத்ததில்லை.

"தேக்கு இருக்கா பாய்?"

"தேக்கா? டீச்சர், அது பூரா எண்ணெ. வருசக்கணக்கா இழுத்தாலும் வேர்வைதான் வரும்."

"பழைய தேக்கா இருந்தா நல்லது. நல்லா வைரம் பாஞ்சதா."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அவர் தயங்கித் தயங்கி, ஏதோ பழைய வீட்டு உத்திரத்தில் அறுத்த ஒரு துண்டைத் தூசி தட்டி எடுத்துவந்தார். வடிவு விரல்முட்டியால் அதைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. அவள் முகம் மலர்ந்தது.

"இதையே கொடுத்திருங்க."

பாய்க்குப் பொறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீய. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்குத் தீ வரணுமா, வரக் கூடாதா?"

வடிவு தேக்குத் துண்டைத் தூக்கி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்த என் மடியில் வைத்து, பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"வரணும் பாய்" என்றாள். "அவசரமில்ல."